கேம்பிறிட்ஜ் கணித ஆய்வுகூடமும் கணனிப் பாதுகாப்பின் தோற்றமும்

ஆராய்ச்சி என்னும் சொல்லைக் கேட்டவுடன், தனியறையில் அமர்ந்து சிந்தனையில் ஆழ்ந்திருக்கும் பேரறிஞர் ஒருவரது தோற்றமே பலர் மனக்கண்முன் எழும். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கணித ஆய்வுகூடத்தின் வரலாறு அத்தோற்றத்தோடு பொருந்துவதன்று. பௌதிகவியலாரும் இரசாயனவியலாரும் உயிரியலாரும் கொண்டுவந்த நீண்ட கணக்குகளைச் செய்துகொடுத்தலே அக்கூடத்துக்கு முதலில் விதிக்கப்பட்ட பணியாகும். ஒருவகையில் அதனைப் பல்கலைக்கழகத்தின் கணக்குப்பிள்ளை எனலாம். ஒரு கணனியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்துவது எங்ஙனம், ஒருவரது ஏட்டை மற்றொருவர் காணாது காப்பது எங்ஙனம், தொலைவிலிருந்து பேசுபவர் தாம் கூறிக்கொள்ளும் ஆளே என்று துணிவது எங்ஙனம் என்னும் வினாக்கள் அக்கணக்குப்பிள்ளைத் தொழிலிலிருந்தே எழுந்தன. இற்றைநாளில் வங்கி முதல் வைத்தியசாலை வரை எங்கும் எழும் வினாக்கள் இவையே ஆதலின், இவற்றுக்கு விடை தேடியோரின் வரலாறு அறியத்தக்கது.

1937ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள் இவ்வாய்வுகூடம் தோற்றுவிக்கப்பட்டது. கொள்கைநிலை இரசாயனப் பேராசிரியராகிய லெனாட்-ஜோன்ஸ் அதன் இயக்குநராக அமர்ந்தார். மொறிஸ் வில்க்ஸ் என்னும் இளைஞர் அவருக்குத் துணையாக நியமனம் பெற்றார். 1913இல் பிறந்த வில்க்ஸ், வானொலி அலைகள் மேல்வளிமண்டலத்தில் செல்லும் இயல்பை ஆராய்ந்தவர். கூடத்துக்குக் கிடைத்த இடம் பழைய உடற்கூற்றியற் கட்டடம். மருத்துவ மாணவர் ஒருகாலத்திற் பிணங்களை அறுத்துப் பயின்ற அக்கட்டடத்திலேதான் பிற்காலத்தில் உலகறிந்த கணனி எழுந்தது. இடையில் இரண்டாம் உலகப்போர் மூண்டது; கூடத்தை அரசாங்கம் தன் போர்ப்பணிக்கு எடுத்துக்கொண்டது. வில்க்ஸும் ராடார் வேலைக்குச் சென்றார்.

போர் முடிந்து 1945இல் மீண்ட வில்க்ஸ் ஆய்வுகூடத்தின் பொறுப்பை ஏற்றார். மறு ஆண்டு மே மாதத்தில், கணித அட்டவணைகளை ஆக்குவதிற் புகழ்பெற்ற கொம்றி என்பார் அமெரிக்காவிலிருந்து திரும்பும் வழியில் அவரைக் காண வந்தார். எட்வாக் என்னும் கணனியைப் பற்றி வொன் நொய்மான் எழுதிய அறிக்கையின் படி ஒன்று அவர் கையில் இருந்தது. கொம்றி அதனை ஓர் இரவுக்கு மட்டுமே இரவலாகக் கொடுத்தார். படியெடுக்கும் பொறி அக்கால் கூடத்தில் இல்லை. வில்க்ஸ் இரவெல்லாம் கண்விழித்து அதனைப் படித்து முடித்துக் காலையிற் திருப்பிக் கொடுத்தார். செய்யவேண்டிய கட்டளைகளையும் எண்களையும் ஒரே நினைவகத்தில் வைக்கும் பொறியே எதிர்காலத்துக்குரியது என்பது அவ்விரவிலேயே அவருக்குத் தெளிவாயிற்று. நூல் கிடைப்பதன் அருமையை அறிந்தவர்க்கு இந்நிகழ்ச்சியின் சுவை நன்கு விளங்கும். அவ்வாண்டு கோடையிற் பிலடெல்பியாவில் நடந்த விரிவுரைத் தொடருக்கு அவர் அழைக்கப்பட்டார். கப்பலில் இடம் கிடைக்கத் தாமதமானமையால், கடைசி விரிவுரைகளையே கேட்க முடிந்தது. எனினும் திரும்பிவரும் கப்பலிலேயே தம் கணனியின் அமைப்பை வரையத் தொடங்கிவிட்டார்.

அக்கணனியே எட்சாக் எனப்பட்டது. ஏறத்தாழ 3,000 வால்வுகள் அதில் அமைந்தன. நினைவகமாக அமைந்தவை இரசம் நிரப்பிய நீண்ட குழாய்கள். குழாயின் ஒரு முனையில் எழுப்பிய ஒலித்துடிப்பு இரசத்தினூடே மெல்லச் சென்று மறுமுனையை அடையும். அடைந்ததும் அதனை மின்துடிப்பாக மாற்றி, வலுவூட்டி, முதல் முனைக்கே மீண்டும் அனுப்புவர். வாய்ப்பாட்டை மறவாதிருக்க அதனை ஓயாது ஓதிக்கொண்டிருக்கும் மாணவனை ஒத்தது இம்முறை. ஓதுதல் நின்றால் நினைவும் அழியும்.

இப்பணிக்குப் பொருளுதவி வந்த இடம் வியப்புக்குரியது. இங்கிலாந்தெங்கும் தேநீர்க்கடைகள் நடத்திய லையன்ஸ் கம்பெனியார் 3,000 பவுண் பணமும் உதவியாளர் ஒருவரையும் அளித்தனர். தம் கடைகளின் கணக்குகளை இத்தகைய பொறியாற் செய்விக்கலாம் என்பது அவர்தம் எண்ணம். எட்சாக்கின் அமைப்பைத் தழுவி அவர்கள் ஆக்கிய லியோ என்னும் கணனி, 1951இல் வெதுப்பகக் கணக்குகளைச் செய்யத் தொடங்கியது. வணிக அலுவலகத்துக்கு நாள்தோறும் உழைத்த முதற் கணனி அதுவே. பெரும் பொறிக் கம்பெனிகள் தயங்கிநின்ற காலத்தில் தேநீர்க் கடைக்காரர் துணிந்தனர் என்பது வணிக வரலாற்றாசிரியர் மறக்கலாகாத செய்தி.

1949ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் எட்சாக் முதன்முறை இயங்கி, 0 முதல் 99 வரையுள்ள எண்களின் வர்க்கங்களை அச்சிட்டது. அதற்குச் சென்ற நேரம் 2 நிமிடம் 35 செக்கன் என்று கூடத்தின் குறிப்பேடு கூறும். மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்துச் சோதனைப்பொறி அதற்கு ஓராண்டு முன்னரே இயங்கியது உண்மை. ஆயினும் பிறர் வந்து தம் கணக்குகளை ஒப்புவித்து விடைபெற்றுச் செல்லத்தக்க ஒழுங்கான சேவையை முதலில் அளித்தது எட்சாக் என்றே கொள்ளல் வேண்டும்.

சேவை தொடங்கியதும் இடர்களும் தொடங்கின. பயன்படுத்துவோர் தம் செய்நிரல்களைத் துளையிட்ட தாள்நாடாவாகக் கொண்டுவருவர். நாடாக்கள் கொடியில் உலரும் துணிகளைப்போல வரிசையாகத் தொங்கும். முறை வந்தபோது ஒவ்வொன்றும் பொறியில் இடப்படும். பெரும்பாலானவை பிழையினால் இடையில் நின்றுவிடும். நாடா துளைக்கும் அறைக்கும் எட்சாக் அறைக்கும் இடையே மாடிப்படியில் ஒருநாள் ஏறுகையில், தம் எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதி தாமே இழைத்த பிழைகளைத் தேடுவதிற் கழியப் போகின்றது என்னும் உண்மை வில்க்ஸுக்குப் புலனாயிற்று. அதனைப் பின்னர் அவரே தம் நினைவுக்குறிப்பிற் பதிந்துள்ளார். பிழையைக் குறைக்க அவர்கள் கண்ட வழி, ஒருமுறை சோதித்துச் சரியெனக் கண்ட சிறு நிரல்களைச் சேமித்து எவரும் எடுத்தாளும்படி வைத்தல். இந்நிரல் நூலகத்தை அமைப்பதில் முன்னின்ற மாணவர் டேவிட் வீலர். வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் 1951இல் வெளியிட்ட நூலே செய்நிரலாக்கம் பற்றி முதலில் அச்சேறிய பாடநூலாகும்.

இக்கூடத்தின் உதவியால் நடந்த ஆராய்ச்சிகள் பல. கென்ட்ரூ தசைப்புரதம் ஒன்றின் அமைப்பை ஆராய்ந்து 1962இல் நோபல் பரிசு பெற்றார். வானொலி வானியலில் 1974இல் அப்பரிசைப் பெற்ற றைலும் கூடத்தின் கணனிகளையே நம்பியிருந்தார். ஹக்ஸ்லியின் கதை வேறு. நரம்பினூடே செல்லும் கணத்தாக்கம் பற்றிய சமன்பாடுகளை அவரும் ஹொட்ஜ்கினும் தீர்க்க முற்பட்ட நேரத்தில், எட்சாக் மாற்றியமைக்கப்படுவதற்காக ஆறு மாதம் மூடப்பட்டிருந்தது. ஹக்ஸ்லி கையாற் சுழற்றும் கணக்குப்பொறியை எடுத்து வாரக்கணக்கிற் சுழற்றி விடையைக் கண்டார். 1963இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சிறந்த கருவி இல்லாக் குறையை உழைப்பு ஈடுசெய்த இடங்களுள் இதுவும் ஒன்று.

எட்சாக் 1958இல் நிறுத்தப்பட்டது. அதன் இடத்தைப் பெற்ற இரண்டாம் எட்சாக் பற்றி ஈண்டு விரிக்கவேண்டியதில்லை. அடுத்து வந்த ரைற்றன் என்னும் கணனியே இக்கட்டுரைக்கு முதன்மையானது. பெறன்ரி கம்பெனியாரும் ஆய்வுகூடமும் சேர்ந்து உருவாக்கிய பொறி அது. வில்க்ஸ் அமெரிக்காவில் மசச்சூசற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திற்குச் சென்றபோது, ஒரே கணனியைப் பலர் தத்தம் தட்டச்சுப்பொறியின் முன் அமர்ந்து ஒரே வேளையிற் பயன்படுத்தும் நேரப்பகிர்வு முறையைக் கண்டார். ரைற்றனிலும் அதனை அமைக்கத் துணிந்தார். 1967 அளவிற் கேம்பிறிட்ஜில் அச்சேவை நடைமுறைக்கு வந்தது.

கொடியில் நாடாவைத் தொங்கவிட்ட காலத்தில் ஒருவர் கணக்கை இன்னொருவர் திருடுதல் என்னும் பேச்சே எழவில்லை. பலரது ஏடுகளும் ஒரே பொறியின் வயிற்றில் நிலையாகத் தங்கத் தொடங்கியபின், இன்னார் ஏடு இன்னாருக்கே என்று காக்கவேண்டி வந்தது. அதற்காக ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் வழங்கப்பட்டது. ஆயின் கடவுச்சொற்களை எல்லாம் எழுதிவைத்த பட்டியலை யார் காப்பது? மசச்சூசற்ஸில் நிகழ்ந்த விபத்தொன்று இவ்வினாவின் கூர்மையைக் காட்டிற்று. அங்கே அன்றாட அறிவித்தலை ஒருவரும் கடவுச்சொற் பட்டியலை இன்னொருவரும் ஒரே நேரத்தில் திருத்த முற்பட்டனர். திருத்தும் நிரல் இரண்டையும் ஒரே பெயருள்ள தற்காலிக ஏட்டில் வைத்தமையால், ஒன்று மற்றொன்றின் இடத்திற் புகுந்தது. விளைவாக, அன்று கணனிக்குள் நுழைந்த ஒவ்வொருவர் முன்னும் எல்லோருடைய கடவுச்சொற்களும் அறிவித்தலாக அச்சாகி வந்தன! கள்வன் எவனும் வரவில்லை; காவலர் கைத்தவறே போதியதாயிற்று.

கேம்பிறிட்ஜில் இதற்கு விடை கண்டவர் றொஜர் நீடம். அவர் கண்ட வழி, கடவுச்சொல்லைப் பட்டியலில் எழுதாமலே விடுதல். அரிசியை அரைத்தால் மாவாகும். மாவை மீண்டும் அரிசியாக்க எவராலும் இயலாது. அதுபோல ஒரு சொல்லை எளிதில் உருமாற்றக்கூடியதும், உருமாறியதிலிருந்து மூலத்தை மீட்க முடியாததுமாகிய ஒருவழிக் கணிப்பு ஒன்றை அவர் அமைத்தார். பட்டியலில் இருப்பது மாவு மட்டுமே. பயனர் தம் சொல்லைத் தட்டும்போது அதனையும் அரைத்து, இரண்டு மாவும் ஒத்தனவா என்று பொறி பார்க்கும். பட்டியல் ஊரெங்கும் பரவினாலும் சொல் வெளிப்படாது. வில்க்ஸ் நேரப்பகிர்வுக் கணனிகள் பற்றி 1968இல் வெளியிட்ட நூலில் இம்முறையை விளக்கினார். அதன் வழியே இது அமெரிக்காவை அடைந்தது; யுனிக்ஸ் முறைமையை ஆக்கியோர் அதனைக் கைக்கொண்டு, 1979இல் மேலும் வலுப்படுத்தினர். இன்று உலகெங்கும் ஒழுங்காக அமைந்த ஒவ்வொரு முறைமையும் கடவுச்சொல்லைக் காப்பது இவ்வழியிலேயாம். இம்முறை தோன்றி அரை நூற்றாண்டு கடந்த பின்னரும், சொற்களை அப்படியே எழுதிவைத்துக் களவுகொடுக்கும் நிறுவனங்கள் இருத்தல் வெட்கத்துக்குரியது.

1970இல் இக்கூடம் கணனி ஆய்வுகூடம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அப்பத்தாண்டில் வில்க்ஸும் நீடமும் வீலரும் காப் என்னும் கணனியை ஆக்கினர். பொறியினுள் இயங்கும் ஒவ்வொரு நிரலும் தனக்கு வேண்டிய நினைவுப் பகுதியை மட்டுமே தொடுவதற்குரிய உரிமைச்சீட்டைப் பெறும். சீட்டில்லாத இடத்தைத் தொடமுடியாது. சீட்டைப் போலியாக எழுதவும் முடியாது. கருத்துச் சிறந்தது, பொறியும் நன்றாகவே இயங்கிற்று. எனினும் அக்காலத்து வணிகம் வேகத்தையும் மலிவையும் நாடியதேயன்றி இத்தகைய காவலை நாடவில்லை. 1979இல் அதுபற்றி ஒரு நூல் வெளிவந்தது. அதனோடு காப் ஏட்டளவில் நின்றுவிட்டது போலத் தோன்றிற்று.

வலையமைப்புத் துறையிலும் கூடத்துக்கு இத்தகைய அனுபவம் நேர்ந்தது. 1974இல் சுவிற்சர்லாந்துக்குச் சென்ற வில்க்ஸ், அங்கே தொலைத்தொடர்பிற் பயன்பட்ட வளைய அமைப்பொன்றைக் கண்டு, அதனைக் கணனிகளை இணைக்க எடுத்தாண்டார். கேம்பிறிட்ஜ் வளையம் எனப்பட்ட அவ்வமைப்பிற் சிறு பெட்டிகள் சுற்றியோடும் புகைவண்டிபோல இடையறாது செல்லும். வெற்றுப்பெட்டி வரும்போது ஒரு கணனி தன் செய்தியின் சிறு துண்டை அதில் ஏற்றும். செக்கனுக்கு ஒரு கோடி துடிப்புகள் செல்லும். எவர்க்கும் முறை வந்தே தீரும் என்பது இதன் சிறப்பு. அதே காலத்திற் கலிபோர்ணியாவில் உருவான ஈதர்நெற் முறையிலோ, கம்பி ஓய்ந்திருப்பதைப் பார்த்து யாரும் பேசத் தொடங்கலாம். இருவர் பேச்சு மோதினால் இருவரும் நிறுத்திச் சிறிது பொறுத்து மீண்டும் பேசவேண்டும். ஒழுங்கு மிகுந்த வளையம் சந்தையிற் தோற்றது, ஈதர்நெற் வென்றது.

வலையமைப்பைப் பற்றிய இன்னொரு கதை சிரிப்புக்குரியது. கூடத்தில் ஒரே கோப்பிப் பானை இருந்தது. தொலைவிலுள்ள அறைகளிலிருந்து படியிறங்கி வருவோர் அது வெறுமையாய் இருக்கக் கண்டு ஏமாந்தனர். 1991இற் பானைக்கு எதிரே ஒரு படக்கருவியை நிறுத்தி, அதன் உருவம் அவரவர் கணனித் திரையில் தெரியும்படி செய்தனர். 1993இல் அப்படம் உலகளாவிய வலையில் ஏறிற்று. அதுவே வலையில் நேரடியாகக் காட்டிய முதற் படக்கருவி என்பர். 2001இற் கூடம் புதிய கட்டடத்துக்குச் சென்றபோது அது நிறுத்தப்பட்டது. பழுதுற்ற அப்பானையை ஒரு ஜேர்மன் சஞ்சிகை 3,350 பவுணுக்கு வாங்கியது.

கணனிகள் வலையினால் இணைந்தபின் நம்பிக்கை என்னும் வினா வேறு வடிவம் பெற்றது. முகம் அறியாத இருவர், யாரும் ஒட்டுக்கேட்கக்கூடிய கம்பியினூடே, ஒருவரையொருவர் உறுதிசெய்வது எங்ஙனம்? நீடமும் அமெரிக்கரான மைக்கல் ஷ்ரோடரும் 1978இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு விடைகூற முற்பட்டது. இருவருக்கும் பொதுவான நம்பிக்கையாளர் ஒருவர் இரு தரப்புக்கும் தனித்தனியே முத்திரையிட்ட மடல்களில் ஒரு புதிய திறவுகோலை வழங்குதலும், ஒருமுறைக்கே உரிய எண்களைப் பரிமாறிச் சோதித்தலும் அம்முறையின் சாரம். மசச்சூசற்ஸில் எழுந்த கேர்பரொஸ் என்னும் புகழ்பெற்ற முறைமைக்கு இதுவே அடிப்படை.

ஆனால் அச்சிறு கட்டுரையின் பின்கதை கற்போர்க்கு மிகப் பயனுடையது. பழைய திறவுகோல் ஒன்று எவ்வாறாயினும் கள்வன் கையிற் சிக்கின், பழைய மடலையே மீண்டும் அனுப்பி அவன் ஏமாற்றலாம் என்று டெனிங், சாக்கோ இருவரும் 1981இற் காட்டினர். அக்கட்டுரையிற் கூறிய இரண்டாவது முறையோ பதினேழு ஆண்டுகள் குற்றமற்றதென்றே கருதப்பட்டது. நீடமும் வேறிருவரும் 1989இல் இத்தகைய முறைகளைச் சோதிக்கவென்றே ஒரு தருக்கத்தை வகுத்தனர். அத்தருக்கத்தின் கண்ணுக்கும் குற்றம் புலப்படவில்லை. 1995இல் ஒக்ஸ்போட்டைச் சேர்ந்த காவின் லோ அதனைக் கண்டார். முறையாக அனுமதி பெற்ற உறுப்பினன் ஒருவனே நேர்மையற்றவனாயின், தன்னோடு பேசவந்தவரின் மடல்களைக் கொண்டு அவராகவே நடித்து மூன்றாமவரை ஏமாற்றமுடியும். மறுமொழி மடலில் அனுப்புவோர் பெயரைச் சேர்த்தாற் போதும், குற்றம் நீங்கிவிடும். சில வரிகளேயுள்ள ஒரு முறையிற் பேரறிஞர் பலர் காணாத பிழை இத்தனை காலம் மறைந்திருந்தது. பகைவன் வெளியேதான் நிற்பான் என்னும் எண்ணமே அவர்கள் கண்ணை மறைத்தது.

நீடத்திடம் பயின்ற றொஸ் அன்டர்சன் இவ்வினாவை ஆய்வுகூடத்துக்கு வெளியே, நீதிமன்றம் வரை கொண்டுசென்றார். அக்காலத்தில் இங்கிலாந்து வங்கிகளின் தன்னியக்கப் பணப்பொறிகளிலிருந்து தாம் எடுக்காத பணம் குறைந்ததாக முறையிட்டோர் பலர். பொறி தவறாது என்பதே வங்கிகள் கூறிய மறுமொழி. முறையிட்ட பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் மோசடிக்கு முயன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு 1994இற் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். வங்கியின் முறைமையை எதிர்த்தரப்பு நிபுணர் ஆராய வங்கி இடங்கொடாமையால், 1996இல் மேன்முறையீட்டில் விடுதலை பெற்றார். இரண்டாண்டு காலம் ஒரு மனிதர் குற்றவாளிப் பெயரைச் சுமந்தமைக்குக் காரணம் பொறியின் மேல் வைத்த குருட்டு நம்பிக்கையே. அன்டர்சன் 1993இல் வெளியிட்ட கட்டுரையில், வங்கிகள் அஞ்சியது கணித வல்லுநர் மறைகுறியை உடைப்பதை என்றும், உண்மையில் நிகழ்ந்த மோசடிகளுக்குக் காரணம் உள்ளாட்களின் கையாடலும் நிருவாகத் தவறுமே என்றும் எடுத்துக்காட்டினார். இழப்பைத் தடுக்க வல்லவன் ஒருவனாகவும் அதனைச் சுமப்பவன் வேறொருவனாகவும் இருக்கும்வரை காவல் சீர்படாது என்பது அவர் வாழ்நாள் முழுதும் வற்புறுத்திய கருத்து.

2010இல் அவரது குழுவினர், இரகசிய இலக்கம் அறியாமலே களவுபோன வங்கி அட்டையைப் பயன்படுத்தும் வழியை வெளியிட்டனர். அட்டைக்கும் கடைப்பொறிக்கும் இடையே வைத்த சிறு கருவி, இலக்கம் சரியென்று கடைப்பொறிக்கும், கையொப்பம் இடப்பட்டதென்று அட்டைக்கும் பொய்யுரைக்கும். அவ்வாண்டு இறுதியில், மாணவர் ஒருவர் இதுபற்றி எழுதிய பட்ட ஆய்வேட்டை நீக்கவேண்டுமென வங்கி அட்டைகளை வழங்குவோரின் சங்கம் பல்கலைக்கழகத்துக்கு எழுதியது. ஈறாஸ்மஸும் நியூட்டனும் டார்வினும் இருந்த பல்கலைக்கழகத்தில் எழுத்துத் தணிக்கைக்கு இடமில்லை என்னும் கருத்துப்பட அன்டர்சன் மறுமொழி விடுத்தார். அவ்வேட்டைக் கூடத்தின் வெளியீடாகவே கொண்டுவரவும் முன்வந்தார். குற்றத்தை மறைத்தலாற் காவல் வளராது என்பதை வங்கிகள் உணர்ந்தனவோ என்பது ஐயமே. பின்னாளிற் பிரான்சில் இதே தந்திரத்தைக் கையாண்ட கள்வர் பிடிபட்டனர். அன்டர்சன் 2024 மார்ச் மாதத்திற் காலமானார்.

இக்கூடத்தில் வளர்ந்த வேறு பணிகளுட் சென் என்னும் நிரல் குறிப்பிடத்தக்கது. ஒரு கணனியைப் பல கணனிகள்போல் நடக்கச் செய்யும் அந்நிரல் பற்றிய கட்டுரை 2003இல் வெளிவந்தது. 2006இல் அமேசன் தொடங்கிய கணனி வாடகைச் சேவை அதன்மேல் எழுந்தது. நேரப்பகிர்வின் பேரன் என அதனைக் கூறலாம். இறந்ததாகக் கருதப்பட்ட காப் கணனியின் உரிமைச்சீட்டும் மீண்டும் உயிர்பெற்றது. 2010 முதற் கேம்பிறிட்ஜ் ஆய்வாளரும் கலிபோர்ணியாவின் எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தாரும் சேர்ந்து, அக்கருத்தை இக்காலக் கணனிகளுக்கு ஏற்பச் செறி என்னும் அமைப்பாக வகுத்தனர். ஆம் நிறுவனத்தார் அதனைக் கொண்டமைத்த சோதனைக் கணனிப் பலகைகள் 2022இல் வெளிவந்தன. 2003இற் காலமான நீடமும், 2004இற் காலமான வீலரும், 2010இற் தம் 97ஆம் வயதில் மறைந்த வில்க்ஸும் அப்பலகையைக் காணவில்லை.

எட்சாக்கின் கதை இன்னும் முடியவில்லை. 1958இல் இடநெருக்கடியால் அது கழற்றப்பட்டபோது, அதன் பாகங்களையும் வரைபடங்களையும் பேணவேண்டும் என்று எவரும் பெரிதாகக் கருதவில்லை. 2011இல் பிளெச்லி பார்க்கிலுள்ள தேசிய கணனி அரும்பொருளகத்தில் அதனை மீள அமைக்கும் வேலை தொடங்கியபோது, பழைய புகைப்படங்களைப் பார்த்தே பல சுற்றுகளை ஊகிக்கவேண்டியிருந்தது. 2014இல், எட்சாக் அகற்றப்பட்டபின் கூடத்திற் பணிபுரிந்த ஒருவர் குப்பைக்குச் செல்லாமல் எடுத்து வைத்திருந்த 19 வரைபடங்கள் கிடைத்தன. அவற்றோடு ஒப்பிட்டபோது ஊகங்களுட் பெரும்பாலானவை சரியாகவே இருந்தன. நச்சுத்தன்மை கருதி இரசக் குழாய்களுக்குப் பதிலாக நிக்கற் கம்பிகளை அமைத்து, தொண்டர்கள் ஓய்வுநேரத்தில் வால்வு வால்வாக அதனை எழுப்பினர்.